கீறிய மின்சுற்றைக் கணினிக்கு விளங்க வைப்பது எப்படி

என் தங்கச்சி வெள்ளவத்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். பாதி வகுப்பு வீட்டு முன்னறையில், பாதி வகுப்பு போனில். மின்சுற்றுப் பாடம் வந்தால் போன் வகுப்புக்காரரோடுதான் பாடு: பிள்ளைகள் திரையில் விரலால் சுற்றைக் கீறி அனுப்புவார்கள், இவள் ஒவ்வொன்றாகத் திறந்து, கலம் எந்தப் பக்கம், ஆளி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, அம்பியர்மானியைத் தொடராகத்தான் போட்டிருக்கிறார்களா என்று இரவு பதினொரு மணி தாண்டியும் திருத்திக்கொண்டிருப்பாள். "கீறின உடனே இது தடையி, இது மின்குமிழ் என்று போனே சொன்னால் எனக்குப் பாதி வேலை மிச்சம் அண்ணா" என்றாள். செய்து கொடுத்தேன். நீங்களும் செய்யலாம். ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும், விலை கூடிய மெசின் ஒன்றும் தேவையில்லை, இணையம்கூட ஒருமுறை பக்கத்தைத் திறக்கும்போதுதான் வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நியூரல் நெட்வொர்க்கை (மாதிரிகளைப் பார்த்துத் தானே பழகும் நிரலை) இப்போது தொடாதீர்கள். இந்த வேலை என்றதும் எல்லாரும் அங்கேதான் ஓடுகிறார்கள். கூகுளின் குவிக் டிரா தரவுத்தொகுதியில் 5 கோடி கீறல்கள், 345 வகைகள் இருக்கின்றன, அதை இறக்கிப் பயிற்சி கொடுத்தால் சரிதானே என்று கேட்பார்கள். அதில் மின்குமிழ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது கூரையில் தொங்கும் பல்பின் படம். பாடப் புத்தகத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் அடையாளம் போட்டுக் காட்டுவோமே, அந்தக் குறியீடு அல்ல. உங்கள் குறியீடுகளுக்கான மாதிரிகளை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சில நூறு மாதிரிகளை வைத்துக்கொண்டு நெட்வொர்க் பழக்கினால் அது பிழை விடும்போது ஏன் விட்டது என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. வடிவங்களைப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும் பழைய முறை ஆளுக்கு ஐந்து மாதிரி இருந்தாலே வேலை செய்யும், பிழை விட்டால் எந்த மாதிரியோடு குழம்பியது என்று திரையில் போட்டே பார்க்கலாம்.

இந்தத் துறையின் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க லேசு. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து செய்த ஸ்கெட்ச்பேட்தான் திரையில் ஒளிப்பேனாவால் கீறிய பெரிய முன்னோடி, ஆனால் கோடா வட்டமா என்பதை அதற்குப் பொத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். 1991இல் டீன் ரூபைன் ஒரு கீறலிலிருந்து 13 அளவுகளை (தொடக்கக் கோணம், மொத்த நீளம், எவ்வளவு வளைந்தது இப்படி) எடுத்து, சில உதாரணங்களை வைத்தே வகை பிரிக்கும் முறையைத் தந்தார். 1996இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி வேறு வழியில் போனது: ஒவ்வொரு எழுத்தையும் இப்படித்தான் கீற வேண்டும் என்று மனிதரைப் பழக்கியது. அந்த வழி நமக்கு வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளை கலத்தைக் கீறுவதா, கணினிக்குப் பிடித்த மாதிரி கீறுவதா என்று யோசித்தால் பாடம் போய்விடும். கையைக் கணினி படிக்கட்டும், கை கணினியைப் படிக்க வேண்டியதில்லை. 2007இல் வொப்ராக், வில்சன், லி மூவரும் வெளியிட்ட டாலர்-ஒன் முறை ஏறத்தாழ நூறு வரி நிரலில் அடங்கும், ஆனால் ஒரே இழுப்பில் கீறியவற்றுக்கு மட்டும். 2012இல் வடாவு, லிசா ஆந்தனி, வொப்ராக் கொண்டுவந்த டாலர்-பி எத்தனை இழுப்பு, எந்த வரிசை, எந்தத் திசை என்பதையெல்லாம் கண்டுகொள்ளாது. நாம் எடுக்கப்போவது அதைத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் எட்டுக் குறியீடுகளோடு நிறுத்துங்கள்: கலம், தடையி, மின்குமிழ், ஆளி, கொள்ளளவி, இருவாயி, அம்பியர்மானி, வோல்ற்றுமானி. தடையியை ஒருவர் நீள்செவ்வகமாகக் கீறுவார், பழைய அமெரிக்கப் புத்தகம் பார்த்துப் படித்தவர் கோணல்மாணல் கோடாகக் கீறுவார். இரண்டையும் ஒரே பெயரின் கீழ் தனித்தனி மாதிரிகளாக வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சராசரி வடிவம் என்று ஒன்றும் கிடையாது.

கீறுவதற்கு உலாவியின் கேன்வாஸ் போதும். பாயின்டர் நிகழ்வுகளைக் கேளுங்கள், அவை விரல், பேனா, மவுஸ் மூன்றுக்கும் ஒன்றே. கேன்வாஸின் டச்-ஆக்‌ஷன் பண்பை none என்று வைக்காவிட்டால் பிள்ளை கோடு இழுக்கப் பக்கம் மேலே ஓடிவிடும், கனபேர் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொள்ளும் இடம் இது. உள்ளங்கை திரையில் பட்டால் அதுவும் ஒரு கீறலாக வந்து சேரும், ஆகவே முதன்மைத் தொடுகையை மட்டும் எடுங்கள். வேகமாகக் கீறும்போது உலாவி பல நகர்வுகளை ஒன்றாகச் சேர்த்துத் தரும், அந்தச் சேர்த்த கட்டை உடைத்து உள்ளே இருக்கும் புள்ளிகளையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வட்டம் பலகோணமாக வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு எண்: குறுக்கே எவ்வளவு, கீழே எவ்வளவு, எந்த நேரம், எத்தனையாவது இழுப்பு. இந்தப் பச்சைத் தரவை அப்படியே சேமியுங்கள், மென்மையாக்கியதை அல்ல. நாளைக்கு முறையை மாற்றினால் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டுக் கீறச் சொல்ல முடியாது.

மாதிரி சேர்ப்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது, இதில் அவசரப்படாதீர்கள். எட்டுக் குறியீடு, பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்றால் 400 மாதிரி. ஒருவரே நானூறும் கீறினால் அது அவர் கையெழுத்தை மட்டும் படிக்கும் மெசின் ஆகிவிடும். கொழும்பில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை, ஒரே ஒழுங்கைக்குள் தமிழில் எழுதுபவர், சிங்களத்தில் எழுதுபவர், மதரசாவில் வலமிருந்து இடமாக அரபு எழுதிப் பழகிய பிள்ளை, இடக்கைக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாரிடமும் வாங்குங்கள். ஒரே குறியீட்டை ஐந்து தடவை தொடர்ந்து கீறச் சொன்னால் ஐந்தும் ஒன்றின் நகலாகத்தான் வரும், ஆகவே எட்டையும் கலைத்துக் கலைத்துக் கேளுங்கள். கீறும் முன்பு அச்சுப் படத்தைக் காட்டாதீர்கள், "ஒரு ஆளி கீறுங்கள்" என்று பெயரை மட்டும் சொல்லுங்கள். விரலால் கீறுபவரும் வேண்டும், ஸ்டைலஸ் வைத்திருப்பவரும் வேண்டும். ஸ்டைலஸ் வாங்கத்தான் வேண்டும் என்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடையிலேயே ஒரு வட்டம் கீறிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், தடித்த ரப்பர் முனை உள்ளவை கீறும் இடத்தையே மறைக்கும். நம்மூர் வெக்கையில் விரல் வியர்த்து, ஒரே இழுப்பு நடுவில் அறுந்து இரண்டாக வருவதும் உண்டு. அந்த மாதிரிகளைக் கழிக்காதீர்கள். டாலர்-பிக்கு இழுப்பின் எண்ணிக்கை பொருட்டில்லை, பயன்படுத்தும் நாளிலும் விரல் வியர்க்கத்தான் போகிறது.

இப்போது கணக்கு. ஒரு பிள்ளை மெதுவாகக் கீறினால் 300 புள்ளி வரும், வேகமாகக் கீறினால் 40 வரும். ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் 32 புள்ளிகளாக மாற்றுவது. குறியீட்டின் எல்லா இழுப்புகளின் நீளத்தையும் கூட்டி 31ஆல் வகுத்தால் ஒரு இடைவெளி கிடைக்கும், கோட்டின் வழியே நடந்து அந்த இடைவெளிக்கு ஒரு புள்ளி வையுங்கள். விரலைத் தூக்கி அடுத்த இழுப்புக்குப் போகும் தூரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தசமக் கணக்கின் சிறு பிழையால் சிலநேரம் 31 புள்ளிதான் வரும், அப்படி வந்தால் கடைசிப் புள்ளியை நீங்களே சேர்த்துவிடுங்கள், இதைக் கவனிக்காவிட்டால் எங்கோ ஒரு மூலையில் காரணமே இல்லாமல் நிரல் விழும். இரண்டாவது, அளவை ஒன்றாக்குவது: அகலம், உயரம் இரண்டில் எது பெரிதோ அதனால் எல்லாவற்றையும் வகுங்கள். அகலத்தை அகலத்தாலும் உயரத்தை உயரத்தாலும் தனித்தனியே வகுத்தால் நீள்செவ்வகத் தடையி சதுரமாகிவிடும், வடிவமே போய்விடும். மூன்றாவது, 32 புள்ளிகளின் சராசரி இடத்தை எடுத்து அதைப் பூச்சியத்துக்கு நகர்த்துவது. இவ்வளவுதான். இதற்குப் பிறகு, திரையின் எந்த மூலையில் எவ்வளவு பெரிதாகக் கீறினாலும் ஒன்றுதான்.

ஒப்பிடுவது எப்படி என்றால், கீறியதன் 32 புள்ளிகளில் ஒன்றில் தொடங்கி, மாதிரியில் இன்னும் சோடி சேராத புள்ளிகளில் அதற்கு மிகக் கிட்ட இருப்பதைச் சோடியாக்குங்கள், பிறகு அடுத்ததற்கு, இப்படியே கடைசி வரை. முதலில் சேரும் சோடிகளுக்கு நிறை கூட, பிந்திச் சேர்வனவற்றுக்கு நிறை குறைவு, ஏனென்றால் கடைசியில் மிஞ்சும் புள்ளிகளுக்குத் தெரிவே இருக்காது, கிடைத்ததோடு சேரும். முதல் புள்ளிக்கு 1, இரண்டாவதுக்கு 31/32, அடுத்ததற்கு 30/32 என்று குறைத்துக்கொண்டு போங்கள். தூரத்தை நிறையால் பெருக்கிக் கூட்டினால் ஒரு எண், சிறிதாக இருந்தால் ஒத்துப்போகிறது என்று பொருள், எந்த மாதிரிக்கு மிகச் சிறிதோ அதன் பெயர்தான் விடை. எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதால் ஐந்து ஐந்தாகத் தாண்டி ஏழு இடங்களில் தொடங்கி, இரண்டு பக்கமாகவும் (கீறியதிலிருந்து மாதிரிக்கு, மாதிரியிலிருந்து கீறியதற்கு) பார்த்து மிகச் சிறியதை எடுங்கள். ஒரு மாதிரிக்குப் பதினாலு சுற்று, சுற்றுக்கு 528 தூரக் கணக்கு, ஆக 7,400க்குக் கிட்ட. நானூறு மாதிரிக்கும் சேர்த்து 30 இலட்சத்துக்குக் கிட்ட. பெரிதாகத் தெரியும், ஆனால் கையில் இருக்கும் சாதாரண போனுக்கு இது பாரமில்லை.

இதோடு நிறுத்தினால் கலமும் கொள்ளளவியும் அடிக்கடி குழம்பும், அம்பியர்மானியும் வோல்ற்றுமானியும் அதைவிட மோசமாகக் குழம்பும். ஏன் என்று பார்த்தால் சுவையான விஷயம் இது. 40 அலகு விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 126. அம்பியர்மானிக்கு உள்ளே எழுதும் ஆங்கில ஏ (A) எழுத்து 20 அலகு உயரம் என்றால் அதன் கோடுகள் எல்லாம் சேர்த்து 50 வரும். 32 புள்ளிகளை 176 அலகுக்குப் பகிர்ந்தால் எழுத்துக்குக் கிடைப்பது ஒன்பது புள்ளிதான், வோல்ற்றுமானியின் வீ (V) எழுத்துக்கு எட்டு. வட்டம் இரண்டிலும் ஒன்றுதானே, அது 23, 24 புள்ளிகளை எடுத்துக்கொண்டு "ஒத்துப்போகிறது, ஒத்துப்போகிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். வித்தியாசம் இருக்கும் இடத்துக்குக் குரலே இல்லை. ஆகவே வட்டத்தை முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள். ஒரு இழுப்பு மூடியிருக்கிறதா (தொடக்கமும் முடிவும் பாதி ஆரத்துக்குள்), அதன் புள்ளிகள் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கின்றனவா (சராசரி விலகல் ஆரத்தில் 20 சதவீதத்துக்குள்) என்று பாருங்கள். பிள்ளைகளின் முட்டை வட்டம்கூட இதற்குள் அடங்கும். செவ்வகத் தடையியும் மூடிய வடிவந்தான், ஆனால் நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு என்றால் விலகல் 30 சதவீதத்தைத் தாண்டிவிடும், பயப்பட வேண்டாம். வட்டம் என்று தெரிந்ததும், அதற்குள்ளே இருக்கும் இழுப்புகளை மட்டும் தனியாக எடுத்து 32 புள்ளியாக்கி, ஏ, வீ, பெருக்கல் அடையாளம் மூன்றோடு மட்டும் ஒப்பிடுங்கள். எட்டுப் புள்ளியில் தத்தளித்த எழுத்துக்கு முப்பத்திரண்டும் கிடைத்துவிடும்.

கலத்துக்கும் கொள்ளளவிக்கும் வேறு மருந்து. இரண்டும் இரு சமாந்தரக் கோடுகள், கலத்தில் ஒன்று நீளம் ஒன்று குட்டை, கொள்ளளவியில் இரண்டும் சமம். டாலர்-பி இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் நம்பாமல், இரண்டு கோடுகளின் நீளத்தை நேரே அளந்து குட்டையை நீளத்தால் வகுங்கள், 0.7க்குக் கீழே என்றால் கலம். அளவுகோல் வைத்து ஒரு செக்கனில் தீர்க்கக்கூடியதை மாதிரி ஒப்பீட்டிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள் என்பதுதான் இதில் நான் படித்தது. கலத்தில் எந்தப் பக்கம் நீளக் கோடு என்பதையும் அப்போதே குறித்துவைத்தால் நேர்முனை எது என்பதும் கிடைக்கும், தங்கச்சிக்கு வேண்டியிருந்தது அதுதான்.

திருப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். டாலர்-ஒன் எல்லாவற்றையும் சுழற்றி ஒரே கோணத்துக்குக் கொண்டுவரும், டாலர்-பி அப்படிச் செய்யாது. சுற்றில் தடையி படுத்தும் இருக்கும், நின்றும் இருக்கும். ஒவ்வொரு மாதிரியையும் 90 பாகையாகச் சுழற்றி நாலு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், பெயரோடு திசையையும் எழுதிவையுங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல் புரட்டிப் போட்டு மாதிரியைப் பெருக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, இருவாயியில் அதைச் செய்யும்போது திசையையும் சேர்த்து மாற்றாவிட்டால் மின்னோட்டம் எதிர்ப்பக்கம் போகும் சுற்றை நிரல் சரி என்று சொல்லும். இருவாயியில் திசை பிழைத்தால் பெயரைச் சரியாகச் சொல்லியும் பிரயோசனமில்லை.

அப்புறம், உண்மையான தலையிடி இனித்தான்: பிள்ளை முழுச் சுற்றையும் கீறும்போது எங்கே குறியீடு முடிந்தது, எங்கே கம்பி தொடங்கியது? விரலைத் தூக்கி 700 மில்லிசெக்கன் போனால் குறியீடு முடிந்தது என்று எடுக்கலாம், ஆனால் பிள்ளைகள் குறியீட்டின் நடுவில் நின்று யோசிப்பார்கள். ஆகவே நேரத்தை மட்டும் நம்பாமல், கடைசியாகக் கீறிய ஒன்று, இரண்டு, மூன்று, நாலு இழுப்புகளை ஒவ்வொரு கூட்டமாகவும் ஒப்பிட்டுப் பார்த்து, எந்தக் கூட்டம் நன்றாகப் பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும் இழுப்புகளைக் கூட்டம் சேர்க்கவே வேண்டாம். கம்பியைக் கண்டுபிடிக்க, இழுப்பின் இரு முனைகளுக்கிடையேயான நேர்த்தூரத்தை நடந்துவந்த நீளத்தால் வகுங்கள், 0.95க்கு மேல் வந்து, பக்கத்தில் இருக்கும் குறியீட்டைவிட நீளமாகவும் இருந்தால் அது கம்பி. மூலை திரும்பும் கம்பியில் இந்த எண் 0.7க்கு இறங்கும், மூலையில் வெட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மூலையைக் கண்டுபிடிக்க 2008இல் வந்த ஷார்ட்-ஸ்ட்ரோ முறை மிக எளிமையானது: சம இடைவெளியில் வைத்த புள்ளிகளில் ஒவ்வொன்றுக்கும், மூன்று புள்ளி முன்னால் இருப்பதற்கும் மூன்று புள்ளி பின்னால் இருப்பதற்கும் இடையே ஒரு நூலைக் கட்டியதாக நினையுங்கள். நேரான இடத்தில் நூல் நீளமாக இருக்கும், மூலையில் குட்டையாகும். எல்லா நூல்களின் இடைநிலை நீளத்தில் 0.95 பங்குக்குக் கீழே இறங்கும் பள்ளங்களில் மிகத் தாழ்ந்த புள்ளி எதுவோ அதுதான் மூலை. முதல் பதிப்பில் இதெல்லாம் கூடுதல் என்று தோன்றினால், "கம்பி" என்று ஒரு பொத்தான் வைத்துவிட்டுப் பிறகு மெல்ல மெல்லச் செய்யுங்கள், சதர்லாந்தே பொத்தானில்தான் தொடங்கினார்.

சோதிக்கும்போது ஒரே விதிதான், ஆனால் அதை விடக் கூடாது: ஒருவரின் எல்லா மாதிரிகளையும் எடுத்து ஒதுக்கிவைத்துவிட்டு, மற்ற ஒன்பது பேரின் மாதிரிகளை மட்டும் வைத்து அவருடையதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்துப் பேருக்கும் இப்படிப் பத்துத் தடவை. மாதிரிகளைச் சும்மா கலக்கிப் பாதிப் பாதி பிரித்தால் ஒரே ஆளின் கை இரண்டு பக்கமும் இருக்கும், முடிவு பார்க்க அழகாக இருக்கும், புதுப் பிள்ளை வந்து உட்கார்ந்ததும் சரிந்துவிடும். எட்டுக்கு எட்டு ஒரு அட்டவணை போட்டு, என்ன கீறினார்கள், என்ன என்று சொன்னது என்பதை எண்ணுங்கள். எந்தச் சோடி குழம்புகிறது என்று அதில் பார்த்தால்தான் மேலே சொன்ன வட்டம் கழற்றுவது போன்ற மருந்து எங்கே வேண்டும் என்று தெரியும். மொத்தச் சதவீதம் அதைச் சொல்லாது.

கொப்பியில் பென்சிலால் கீறிப் படம் எடுத்து அனுப்புவார்களே, அதற்கு என்ன செய்வது என்று நிச்சயம் கேட்பீர்கள். அது வேறு வேலை, இதைவிடப் பாரமானது. படத்தில் இழுப்பு இல்லை, நேரம் இல்லை, வரிசை இல்லை, அத்தோடு சீ.ஆர். கொப்பியின் கோடுகளும் சேர்ந்து வரும். ஓபன்-சிவி என்ற படங்களைக் கையாளும் நிரலகத்தில் முதலில் நிறத்தை வைத்து அந்த நீலக் கோடுகளை நீக்கி, பிறகு வெளிச்சம் இடத்துக்கு இடம் மாறுவதைச் சமாளிக்கும் விதமாக இடம்சார்ந்த எல்லை வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, தடித்த கோட்டை ஒற்றைப் புள்ளி அகலத்துக்கு மெலியச் செய்து (1984இல் வந்த ஷாங்-சூவன் முறை இன்றைக்கும் போதும்), அந்த மெலிந்த கோட்டுப் புள்ளிகளிலிருந்து 32ஐ எடுத்தால் டாலர்-பியிடமே கொடுக்கலாம், அதற்குத்தான் வரிசை தேவையில்லையே. மாதிரிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு இந்தப் படங்களுக்கு ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க் பழக்குவது நல்ல யோசனை, அப்போது அதை மறுக்க மாட்டேன்.

கடைசியாக, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல நிரலுக்குப் பழக்குங்கள். முதலாவதாக வந்த பெயரின் தூரத்தை, வேறு பெயரில் இரண்டாவதாக வந்ததன் தூரத்தால் வகுத்து, 0.85க்கு மேல் வந்தால் இரண்டும் கிட்டக் கிட்ட நிற்கின்றன என்று பொருள். அந்த இடத்தில் தானாக முடிவெடுக்காமல், கீறியதற்குப் பக்கத்திலேயே "ஆளியா? தடையியா?" என்று இரண்டு சின்னப் பொத்தான்களைக் காட்டுங்கள், பிள்ளை ஒன்றைத் தொடட்டும். தொட்டதை அந்தப் பிள்ளையின் பெயரிலேயே புது மாதிரியாகச் சேருங்கள், ஒரு குறியீட்டுக்கு மூன்றுக்கு மேல் போகாமல், பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வையுங்கள். தங்கச்சியின் வகுப்பில் ஒரு பிள்ளை ஆளியின் கையை எப்போதும் கீழ்நோக்கித்தான் கீறுவாள். இரண்டு தடவை பொத்தானைத் தொட்ட பிறகு மூன்றாம் தடவை நிரல் அவளிடம் கேட்கவில்லை.